பார்த்துக்கொள்பவளையும் விசாரியுங்கள்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



பார்க்கின்சன் நோய் பற்றிப் பேசக் கேட்டார்கள். நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நோயாளியின் பக்கத்தில் மருந்துச் சரையோடு நிற்கும் பெண்ணைப் பற்றிப் பேசுகிறேன். அவள் பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மகள், மருமகள். கட்டாரிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு அவள் உம்மா, அல்லது ஊரோடு தங்கிவிட்ட தங்கச்சி.

1817 இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதிய நோய் இது. மூளையில் டோபமைனைத் தரும் கலங்கள் குறைந்து போகின்றன. கை நடுங்கும், நடை குறுகும், கையெழுத்துச் சிறுக்கும். முற்றாகக் குணமாக்க இன்னும் மருந்தில்லை. லெவோடோபா குளிசை அசைவைத் திருப்பித் தருகிறது. நோய் முற்றும்போது அதுவும் சில மணிநேரத்துக்குத்தான்.

அந்தச் சில மணிநேரம்தான் வீட்டில் சண்டை மூட்டுகிறது. வெளிநாட்டிலிருந்து மகள் லீவில் வருகிறாள். குளிசை வேலை செய்யும் நேரத்தில் வாப்பா முற்றத்தில் நடக்கிறார், பேசுகிறார். "வாப்பா நல்லாத்தானே இருக்காங்க, உம்மா சும்மா பெரிசுபடுத்துறீங்க" என்று சொல்லிவிடுகிறாள். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலில் புரள முடியாமல் அவர் கூப்பிடுவதை அவள் கண்டதில்லை. லீவில் வருபவர்கள் ஓர் இரவாவது அந்த அறையில் படுங்கள். உம்மாவை வேறு அறையில் தூங்க விடுங்கள்.

இன்னொன்று, முகம். இந்த நோயில் முகத்தசைகள் இறுகிவிடும். மனதுக்குள் சந்தோஷம் இருந்தாலும் சிரிப்பு வெளியே வராது. "இவ்வளவு செய்றேன், ஒரு முகமலர்ச்சி இல்லையே" என்று கிளினிக்கில் அழுத மனைவிமாரைக் கண்டிருக்கிறேன். அது நோயின் வேலை, மனக்கசப்பு அல்ல என்று விளக்கியபோது ஒருவர் கேட்டார்: "இத மூணு வருஷத்துக்கு முந்தியே யாராவது சொல்லியிருக்கலாமே டொக்டர்?"

சரி, நாம் என்ன செய்யலாம்? குளிசை நேரங்கள் எல்லாம் அவள் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் யாரும் அவளை விடுவிக்க முடிவதில்லை. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சிலருக்கு மீனும் இறைச்சியும் குளிசையோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது. அவர்கள் சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முந்தியே குளிசையைக் குடிப்பது நல்லது. மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நோன்பு பிடிக்க ஆசைப்பட்டால் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் பேசுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் கொடுத்தால் நோய் கூடும். மருந்துக்கடையில் நோயின் பெயரைச் சொல்லுங்கள். இவ்வளவும் எழுதி ஒட்டியிருந்தால் மச்சியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அரை நாள் இருக்கலாம். அந்த அரை நாளில் அவள் தன் பிரஷரைப் பார்க்கப் போகட்டும். பல மாதமாகப் போயிருக்க மாட்டாள்.

கற்பிட்டியிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போக விடியுமுன் புறப்பட வேண்டும். கூடப் போக ஓர் ஆள் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். காசு அனுப்புபவர்கள் வாரத்தில் இரண்டு இரவுக்கு உதவியாள் வைக்க அனுப்புங்கள். தொலைபேசியில் "வாப்பா எப்படி?" என்பதற்கு முன் "உம்மா, ராத்திரி நித்திரை கொண்டீங்களா?" என்று கேளுங்கள். மனம் மிகவும் தளர்ந்துபோனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

புத்தளம், பாலாவி, நுரைச்சோலைப் பக்கம் இருக்கும் வகுப்புத் தோழிகளில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு வீட்டில் இருக்க முடிந்தவர்கள் பெயர் தாருங்கள். விழாமல் எழுப்பிவிடுவது எப்படி, கால் ஒட்டிக்கொண்டு நின்றால் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணி நடத்துவது எப்படி என்று ஒரு பின்னேரத்தில் நானே காட்டித் தருகிறேன். கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது.