நிலத்தின் நெடுங்காலக் கணக்கு
(அமராவதி நகர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



அமராவதி அணையின் தண்ணீர் பாயும் உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து நிலங்களில் நெல்லும், கரும்பும், தென்னையும், சமீப காலமாகக் கோழித் தீவனத்திற்கென மக்காச்சோளமும் பயிராகின்றன. கோதுமை இங்கே பயிராவதில்லை. அப்படியிருக்கக் கோதுமை வயலைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரே நிலத்தில் ஒரே விதமான உரத்தை ஐம்பது வருஷம், நூறு வருஷம் இட்டு வந்தால் மண்ணிலுள்ள சத்துக்களின் கதி என்ன என்பதை உலகத்தில் மிக நீண்ட காலம் பரீக்ஷை செய்து பார்த்தது கோதுமை வயலில்தான். கோதுமையும் மக்காச்சோளமும் புல்லினத்தைச் சேர்ந்த தானியங்கள். மண்ணிடம் அவை கேட்கும் முக்கியமான சத்துக்களும் ஒன்றே.

இங்கிலாந்து தேசத்தில் ராதம்ஸ்டெட் என்னும் இடத்தில் ஜான் பென்னட் லாஸ் என்பவர், கில்பர்ட் என்ற ரசாயன சாஸ்திரியின் துணையுடன், 1843-ம் வருஷத்தில் பிராட்பாக் என்னும் வயலை நீண்ட பட்டைகளாகப் பிரித்துக் கோதுமை விதைத்தார். ஒரு பட்டைக்கு எந்த உரமும் இல்லை. இன்னொன்றுக்கு வருஷந்தோறும் தொழுவுரம். மற்றவற்றிற்கு ரசாயன உரங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டார். விதைத்தவர் காலமாகியும் அந்தப் பரீக்ஷை நிற்கவில்லை. இன்றும் நடந்து வருகிறது.

உரமே காணாத பட்டையில் விளைச்சல் அடியோடு நின்றுவிடவில்லை. ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ என்ற அளவுக்குத் தாழ்ந்து, ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. தொழுவுரம் பெற்ற பட்டையில் மண்ணின் மக்குப்பொருள் இரு மடங்குக்கு மேல் பெருகிற்று. ஆனால் அப்பெருக்கம் ஒன்றிரண்டு வருஷத்தில் வந்ததன்று. பல பத்து வருஷங்களில் வந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றையும் ரசாயன உரமாகவே பெற்ற பட்டையும் விளைச்சலில் நெடுங்காலம் தொழுவுரப் பட்டைக்கு இளைத்துவிடவில்லை. மண்ணின் மக்குப்பொருளில் மட்டும் அது வெகுவாகப் பின்தங்கியது. தழைச்சத்து ஒன்றை மாத்திரம் பெற்ற இடமோ மற்றச் சத்துக்கள் இன்றித் தளர்ந்தது. இதில் ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. தொழுவுரப் பட்டைக்கு வருஷா வருஷம் இடப்படும் எரு ஏக்கருக்குப் பதினான்கு டன். அவ்வளவு சாணம் எந்தக் குடியானவர் வீட்டில் இருக்கிறது?

ராதம்ஸ்டெட்டைப் பின்பற்றி இந்தியாவில் கான்பூரில் 1885-லும், பூசாவில் 1908-லும், கோயம்புத்தூரில் 1909-லும் நிரந்தர உரப் பரீக்ஷைகள் தொடங்கப்பட்டன. கோயம்புத்தூர்ப் பரீக்ஷை நூறு வருஷத்தைத் தாண்டி நிற்கிறது. அதனுடன் 1925-ல் மற்றொரு தொகுதியும் சேர்ந்தது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பக்கூடிய தூரந்தான். அங்கே பயிரானது கோதுமையல்ல, நம் நாட்டுத் தானியங்கள்; மண்ணும் கொங்குச் செம்மண். மணிச்சத்தே இடாமல் தழைச்சத்தை மட்டும் இட்டு வந்த பாத்திகள், எதுவுமே இடாத பாத்திகளைவிட அதிகம் மேம்படவில்லை என்பதே அந்தப் பரீக்ஷை கண்ட முக்கியமான உண்மை. போட்ட யூரியாவின் பலனைப் பயிர் எடுத்துக்கொள்ளவும் மணிச்சத்து வேண்டியிருக்கிறது.

1970-க்குப் பிறகு இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தார் தேசமெங்கும் இத்தகைய பரீக்ஷைகளை விரித்தார்கள். இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரில் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிட்டு, தழைச்சத்தை மட்டும் இட்டு வந்த பாத்திகளில் நாளடைவில் விளைச்சலே இல்லாமற் போயிற்று. மண் புளித்துவிட்டது. சுண்ணாம்பும் தொழுவுரமும் பெற்ற பாத்திகள் பிழைத்தன. நம் பக்கத்து மண் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்ததாகையால் அதே ஆபத்து இங்கே வராது. ஆனால் சுண்ணாம்பு மண்ணுக்கு வேறொரு குறை உண்டு. துத்தநாகச் சத்தும் இரும்புச் சத்தும் அதில் இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் கட்டுண்டு கிடக்கும். மக்காச்சோளத்தின் இளம் இலைகளில் வெண்மை படர்ந்த பட்டைகள் தோன்றினால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறையே. அதற்கு இன்னொரு மூட்டை யூரியா போடுவது காசைக் கரைப்பதாகும்.

குடியானவர் யூரியாவையே நாடுவதற்கு அறியாமை மட்டும் காரணமென்று சொல்லுவது நியாயமன்று. 2010-ல் சர்க்கார் மானியத் திட்டத்தை மாற்றியபோது யூரியாவின் விலையைக் கட்டுக்குள் வைத்தார்கள். மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலை அவ்வாறு கட்டப்படாமல் ஏறிற்று. கையில் உள்ள பணத்திற்கு எது கிடைக்குமோ அதைத்தான் மனிதன் வாங்குவான். சங்கம் கொடுக்கும் பயிர்க் கடனின் தவணையும் ஒரு பருவத்தோடு முடிவது. மண்ணிலிருந்து போகும் சத்தோ அந்தத் தவணைக்குள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொரு செலவு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. தானியப் பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு கதிரில் இல்லை. தட்டையிலும் வைக்கோலிலும் இருக்கிறது. கதிரோடு தட்டையையும் வண்டியேற்றி விற்பவர், நிலத்தின் சாம்பல் சத்தை இலவசமாகக் கொடுத்தனுப்புகிறார். தட்டை சொந்த மாட்டுக்குப் போய்ச் சாணமாகத் திரும்பினால் நஷ்டம் குறைவு. அந்தச் சாணத்தையும் வறட்டி தட்டி எரித்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. 1889-ல் இந்தியாவுக்கு வந்து விவசாயத்தைப் பரிசீலித்த வோல்க்கர் என்ற நிபுணரும் சாணம் அடுப்புக்குப் போவதைக் கண்டு, விறகுக்கு வேறு வழி செய்ய வேண்டுமென்று வற்புறுத்தினார்.

நல்ல தொழுவுரம் ஒரு டன்னில் ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்தும், 2 கிலோ மணிச்சத்தும், 5 கிலோ சாம்பல் சத்தும் இருக்கும். ஏக்கருக்கு 5 டன் என்பது சிபாரிசு செய்யப்படும் அளவு. அவ்வளவு கிட்டாதவர் எருக்குழிக்கு நிழற்பந்தலிட்டு, வெயிலிலும் மழையிலும் சத்துப் போகாமல் காத்தாலே பாதிப் பலன். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். ஆட்டுப் பட்டி அமர்த்தும் வழக்கம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. அறுவடையான காட்டில் சில இரவுகள் பட்டி அடைப்பதற்கு ஆகும் கூலியை உரச்செலவாகவே கருதலாம். ரசாயன உரத்தை அறவே விட்டுவிட வேண்டுமென்று எந்தப் பரீக்ஷையும் சொல்லவில்லை. பிராட்பாக் வயலில் இக்காலத்துக் குட்டை ரகக் கோதுமை, தொழுவுரத்தோடு அளவான தழைச்சத்தும் சேர்ந்த இடத்தில்தான் மிகுதியாக விளைகிறது.

சங்கம் செய்யக்கூடியதும் உண்டு. பச்சை உர விதையைப் பருவத்துக்கு முன்பே மொத்தமாக வாங்கி வைத்துக் கொடுக்கலாம். யூரியா கேட்டு வரும் அங்கத்தினரிடம் மண் பரீக்ஷைத் தாள் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இல்லையென்றால் உரத்தை மறுக்காமல் மாதிரி எடுக்கும் விதத்தைச் சொல்லி அனுப்பலாம்.

அறுவடைக்குப் பிறகு, அடுத்த உரம் இடுமுன் மாதிரி எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், வாய்க்காற் கரை, எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விலக்குக. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்புறச் சருகை நீக்கி, அரையடி ஆழத்திற்குச் சாய்வாக வெட்டி, வெட்டின் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு துணிப்பையிலிட்டு, பெயர், சர்வே நம்பர், முன் போகம் இட்ட பயிர், இனி இடப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதி உள்ளே வைக்க வேண்டும். உரம் வந்த பழைய சாக்கில் மட்டும் போடக்கூடாது.