பெயின்றுக்கு அடியில் கிடக்கும் உப்பு

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிப் போய்ச் சேர்ந்த காலத்தில், எங்கள் கரையில் படகென்றால் மரம்தான். 1960களின் இறுதியில் நோர்வே நாட்டின் உதவியோடு காரைநகரில் சீநோர் படகுத்தளம் வந்தது. பைபர் படகு பெருகியது, மரம் உளுத்துப்போகும் கவலை குறைந்தது. இரும்பின் கவலை மட்டும் போகவில்லை. எஞ்சினைத் தாங்கும் பிடி, சுக்கான், நங்கூரம், குறிகட்டுவான் துறையில் படகேறிப் போகும் பயணிகள் கையால் பற்றும் குழாய், அவுட்போர்ட் எஞ்சினின் அலுமினியக் கால் எல்லாம் இன்னும் உலோகம்தான். இவற்றைக் கழற்றி, தேய்த்து, ஸ்பிரே பெயின்ற் அடித்துப் பூட்டுகிறார்கள். சில கிழமைக்குக் கண்ணாடிபோல் மின்னுகிறது. மாரி வந்து போனதும் கொப்புளம், உரிவு, கொப்புளத்துக்குக் கீழே கறள். உடனே பெயின்ற் கொம்பனிக்குத் திட்டு விழும், விற்ற கடைக்காரருக்கு விழும், ஸ்பிரே பிடித்த பொடியனுக்கும் விழும். பெரும்பாலான வேளைகளில் இந்த மூவர் மேலும் குற்றமில்லை என்பதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது. பெயின்றில் தெரியும் பழுது பெயின்ற் வருவதற்கு முன்னரே அந்த இரும்பில் குடியிருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பெயர், உப்பு.

கொப்புளத்தில் இருந்தே தொடங்குகிறேன், இதைப் பேசுவதில் எனக்குத் தனி விருப்பம். பெயின்ற் படலம் தண்ணீரை முற்றாகத் தடுக்கும் சுவர் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. எவ்வளவு நல்ல எபொக்சி என்றாலும் அதனூடாக நீர் மிக மெதுவாகக் கசிந்து போகும், உப்பு அவ்வளவு இலகுவாகப் போகாது. படலத்துக்குக் கீழே சிறிதளவு உப்பு அகப்பட்டிருந்தால், வெளியே இருக்கும் தண்ணீர் அந்த உப்பைத் தேடி உள்ளே வரும். முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் பருப்பது இதே விதியால்தான். உள்ளே சேரும் நீர் படலத்தைத் தூக்குகிறது, தூக்கிய இடத்தில் ஒட்டு விடுகிறது, விட்ட இடத்தில் கறள் பிடிக்கிறது. கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆகவே கொப்புளம் இன்னும் எழும்பி உடைகிறது. இதற்கெல்லாம் கைப்பிடி உப்பு தேவையில்லை. கப்பல் சமநிலைக்காகக் கடல்நீர் ஏற்றும் தொட்டிகளுக்குச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2006இல் ஒரு பூச்சு விதி வகுத்தது. பெயின்ற் அடிக்குமுன் ஒரு சதுர மீற்றர் இரும்பில் இருக்கக்கூடிய உப்பு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது அது. ஒரு தேக்கரண்டி உப்பை நூறு சதுர மீற்றருக்கு மேல் சீராகத் தூவினால் வரும் அளவு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது.

அந்த உப்பு எங்கே இருந்து வருகிறது? கடற்காற்று கொண்டு வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். சோளகம் வீசும் மாதங்களில் கரையோரக் கொட்டிலில் ஒரு இரும்புத் துண்டை ஒரு நாள் வைத்தாலே போதும். அதிகம் பேர் கவனியாத வழி கிணறு. எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே மிதக்கும் மழைநீர்தான் எங்கள் நல்ல தண்ணீர், கரையை நெருங்க நெருங்க அந்த நன்னீர்ப் படை மெலிந்து உவர் மேலே வருகிறது. கரையோரத்துக் கிணற்றில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரால் கழுவிய இரும்பின் மேல் பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஈரம் நின்று காய்ந்தால், ஒரு சதுர மீற்றருக்கு 100 மில்லிகிராம் உப்பு மிஞ்சும். கப்பல் விதி சொல்லும் எல்லையின் இரண்டு மடங்கு! கழுவியதாலேயே உப்பு ஏறியது. மூன்றாவது வழி மணல். கறள் எடுக்கக் கடற்கரை மணலைக் காற்றழுத்தத்தில் வீசுபவர்கள், இரும்பை உரசும் அதே வேகத்தில் அதற்கு உப்பையும் ஊட்டுகிறார்கள். (அந்தத் தூசு நுரையீரலைக் கெடுப்பது வேறு கதை. மணல் வீசுவதையே விட்டுவிடச் சொல்வேன்.)

இங்கே ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்விதான். படகு கிடப்பதே உப்புத் தண்ணீரில், பிறகு நல்ல தண்ணீர் தேடி உப்பைக் கழுவி என்ன பயன்? பயன் இருக்கிறது, ஏனென்றால் படலத்துக்கு மேலே உள்ள உப்பும் கீழே உள்ள உப்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வெளியே கடல்நீர் இருந்தால் அதன் உப்பும் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும், உள்ளே போகும் வேகம் குறையும். வெளியே நன்னீர் இருந்தால் தடை இல்லை. அதனால்தான் ஒரே பெயின்ற் கடல்நீரை விட நன்னீரில் சீக்கிரம் கொப்புளிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரைக்கு இழுத்துக் கவனியாமல் விட்ட படகின் எஞ்சின் பிடியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும்போது கொப்புளம் கிளம்புவதற்கும், தொழிலுக்குப் போய்வந்த மாதங்களில் அது அடங்கி இருந்ததற்கும் காரணம் இதுதான். கடலைக் குறை சொல்கிறோம், வேலையை முடித்து வைப்பது மழை.

இன்னொரு மறுப்பு, பெயின்றே கூடாததாக இருந்தால் என்ன செய்வது என்பது. அப்படியும் நடக்கும், பழைய ரின், கலப்படத் தின்னர் சந்தையில் இல்லாமலில்லை. ஆனால் பழுது விழுந்திருக்கும் இடமே சாட்சி சொல்லும். பெயின்றோ கலவையோ பிழை என்றால் பழுது துண்டு முழுக்கப் பரவலாக இருக்கும், எங்கே தொட்டாலும் பிசுபிசுக்கும், எங்கே சுரண்டினாலும் மாவாகும். கொப்புளம் வெல்டிங் ஓரத்திலும் பழைய கறள் குழிகளிலும் மட்டும் கூட்டமாக வந்திருந்தால், கை பிடித்த இடத்தில் விரல் வடிவில் வந்திருந்தால், மேற்பரப்பைத்தான் விசாரிக்க வேண்டும். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் சுத்தமாக, பளபளப்பாக இருந்தால் வழுவழுப்பான உலோகத்தில் ஒட்டுவதற்குப் பிடிமானம் இருக்கவில்லை. கறள் தூள் ஒட்டியிருந்தால் கறளின் மேல்தான் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். கல்வனைஸ் குழாயில் சாதாரண எனாமல் தகடு தகடாகக் கழன்றால் பெயின்ற் பழசு என்று நினைக்க வேண்டாம். எனாமலில் உள்ள எண்ணெய் நாகத்தோடு சேர்ந்து சவர்க்காரம்போல் ஆகிவிடும், அதன் மேல் எதுவும் நிற்காது. அதற்கு வேறு பிறைமர் வேண்டும்.

உப்பு எல்லாம் போய்விட்டதா என்று அறிய விலையுயர்ந்த கருவி இல்லாமலே ஒரு வழி உண்டு. கழுவி உலர்த்திய துண்டை ஒரு இரவு கொட்டிலுக்குள் ஈரக்காற்றில் விடுங்கள். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும், கறள் குழிக்குள் இருக்கும் இரும்புக் குளோரைட்டு அதற்கும் குறைந்த ஈரத்திலேயே வியர்க்கும். காலையில் குழிகளில் சின்னச் சின்ன ஈரப்பொட்டும் மஞ்சள்-செம்மண் நிறப் புள்ளியும் கண்டால் உப்பு இன்னும் உள்ளே கிடக்கிறது. கழுவிய இரும்பில் எப்படியும் கறள் பூக்குமே என்பீர்கள். பூக்கும், ஆனால் மெல்லிய படையாகச் சீராகப் பூப்பதும் குழிக்குக் குழி வியர்த்துப் புள்ளியாக வருவதும் வேறு. முதலாவதை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிடலாம். இரண்டாவதற்கு மறுபடி தண்ணீர், விறைப்பான தூரிகை, முடிந்தால் சுடுதண்ணீர். குழியின் உச்சி மின்னும்வரை கம்பித் தூரிகை போடுவதால் அடி சுத்தமாகாது. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று தீவகத்தில் இருந்து கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், கூரையில் பிடித்த மழைத்தண்ணீர் இரண்டு வாளி இருந்தால் ஒரு சுக்கானுக்குப் போதும். மறுபடி கழற்றி, மறுபடி சுரண்டி, ஒரு கிழமைத் தொழிலை விடுவதோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

எண்ணெய்யும் இதே கதைதான். பெயின்ற் காயுமுன் வட்ட வட்டமாக விலகி மீன்கண் போலக் குழி விழுந்தால் கீழே எண்ணெய் அல்லது சிலிக்கோன் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எஞ்சின் பாகங்களை மண்ணெண்ணெயால் கழுவுவது வழக்கம். அது அழுக்கை எடுக்கும், தன் சுவடை விட்டுவிடும். அதன் பிறகு சவர்க்காரத் தூளாலும் நல்ல தண்ணீராலும் கழுவினால், ஊற்றும் தண்ணீர் துளி துளியாக உருளாமல் ஒரே படையாக வழியும். அதுவே சுத்தத்துக்குச் சாட்சி. கொம்பிரசரையும் சந்தேகியுங்கள். 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரமும் உள்ள காற்றை ஏழு பார் அழுத்தத்துக்கு இறுக்கி ஆறவிட்டால், ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 20 கிராம் தண்ணீர் பிரியும். நிமிடத்துக்கு 250 லீற்றர் காற்றுத் தின்னும் ஸ்பிரே என்றால் மணிக்குக் கால் லீற்றருக்கு மேல்! தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து வடிக்காவிட்டால் அது குழாய் வழியே வந்து பெயின்றுக்குள் தெறிக்கும்.

நேரம் நெருங்குகிறது, மீதியை விரைவாகச் சொல்கிறேன். இரவு முழுக்க வானைப் பார்த்துக் கிடந்த இரும்பு விடியற்காலையில் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு மூன்று பாகையாவது சூடாக இருந்தால்தான் பெயின்ற் பிடிக்க வேண்டும். தையிலும் மாசியிலும் அதற்கு வெயில் நன்றாக ஏற வேண்டும். உச்சி வெயிலில் நிற்கும் இரும்பு கை வைக்க முடியாமல் சுடும்போது அடித்தாலோ தின்னர் பொங்கி ஊசித்துளை விழும். தோடம்பழத் தோல்போல் சொரசொரப்பு வந்தால் பெயின்ற் தடிப்பு அல்லது காற்றழுத்தம் குறைவு, வழிந்தால் துப்பாக்கி கிட்டப் போய்விட்டது அல்லது கை நின்றுவிட்டது, மணல்போல் உலர்ந்து ஒட்டினால் தூரம் கூடிவிட்டது அல்லது காற்று இழுக்கிறது. இந்த மூன்றும்தான் பொடியனின் கைக்கு உரியவை, அவையும் தேய்த்துத் திரும்ப அடித்தால் தீரும். அலுமினியக் காலில் செம்பு சேர்ந்த அடிப்பெயின்ற் அடிக்க வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்னும். இரண்டு ரின் கலக்கும் பொலியூரித்தேன் அடிப்பவர்கள் முகத்தில் துணி கட்டுவது போதாது, அதற்குரிய முகமூடி கட்டாயம் வேண்டும். சோளகம் எழும்பப் பங்குனி, சித்திரையில் இன்னும் சில அமைதியான கிழமைகள் இருக்கும். கழற்ற வேண்டியதை அப்போது கழற்றுங்கள், கழுவும் தண்ணீரை மாரியிலேயே பிடித்து மூடி வையுங்கள்.