மூன்றாவது சீர்
(முன்னாள் மாணவியர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



இறுதியாண்டு மாணவியருக்கு நம் சங்கம் நடத்தும் வழியனுப்பு விழாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அஞ்சே நிமிஷம்தானுங்க அக்கா" என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கொங்குப் பக்கம் ஒரு பெண்ணுக்கு ஊரைக் கூட்டி இரண்டு சீர் செய்வார்கள். வயசுக்கு வந்தால் ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. மூன்று வருஷம் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, வீட்டு வேலையும் பார்த்து, ராத்திரியில் கண் விழித்துப் படித்து முடிக்கிறாளே, அதற்கு யார் சீர் செய்தார்கள்?

நான் 1991-இல் படிப்பை முடித்தேன். எங்கள் வீடு வீரபாண்டியில். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு மேல்தான் வருவார். என் பட்டம் தபாலில் வந்தது. அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார். "அவ்வளவுதானா கண்ணு?" என்று கேட்டார். பட்டத்தை அவர் குறைவாக நினைக்கவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பீஸ் கட்டியவர், நாலு பேர் பார்க்க ஒரு நாள் வரும் என்று காத்திருந்திருக்கிறார். அது வரவேயில்லை.

திருப்பூரில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி 1971-இல்தான் வந்தது. அதற்கு முன் மகளிர் கல்லூரி என்றால் கோவைக்குப் போக வேண்டும். நிர்மலா கல்லூரி 1948-லும், பூ.சா.கோ. கிருஷ்ணம்மாள் கல்லூரி 1963-லும் தொடங்கியவை. அதனால் நம்மில் பலர் வீட்டுக்கே முதல் பட்டம் நாம் வாங்கியதுதான்.

படித்து முடித்தவர்கள் அடுத்தவர்களை வழியனுப்புவது புதிதல்ல. அமெரிக்காவில் மேக்கன் நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் 1851-இல் மாணவிகள் 'அடெல்ஃபியன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இப்படி வந்த சகோதரி சங்கங்களில் படிப்பு முடிந்தாலும் உறவு முடிவதில்லை. கல்லூரியை விட்டுப் போகிறவளை, முன்னே போனவர்கள் வந்து தங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்கிறார்கள். 1915-இல் தொடங்கிய சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியின் குறிக்கோளும் இதே கருத்துதான்: ஒளி பெற்றது ஒளி தருவதற்கே.

நம் விழாவில் ஆடம்பரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறோம். மற்ற நாளில் வைத்தால் அம்மா ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அழைப்பிதழைத் தாய் தகப்பன் பேர் போட்டு எழுதுகிறோம். முன்வரிசை நாற்காலி அவர்களுக்கு. பெண்ணை மேடைக்குக் கூப்பிடும்போது கூடவே பெற்றவரையும் கூப்பிடுகிறோம். ஓர் அக்கா தட்டு கொடுப்பார். எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே தட்டில் பூ, பழம், ஒரு பேனா மட்டும்.

நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம், அரியர் இல்லாதவர்களை மட்டும் மேடைக்கு அழைத்தோம். அது சரியென்றுதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், நானும் போட்டேன். அன்றைக்கு ஒரு பெண் அம்மாவோடு கேட் வரைக்கும் வந்திருக்கிறாள். பட்டியலில் பேர் இல்லை என்று தெரிந்ததும், "இன்னைக்கு இல்லையாம், வாங்கம்மா" என்று திரும்பக் கூட்டிப் போய்விட்டாள். வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. தபாலுக்காவது என் அம்மா வீட்டில் இருந்தார். அந்த அம்மாவை நாங்கள் வாசல்வரை வரவழைத்து அனுப்பிவிட்டோம்.

அடுத்த வருஷம் விதியை மாற்றினோம். மூன்று வருஷம் படித்த அத்தனை பேருக்கும் அழைப்பு உண்டு. சிலர் மறுத்தார்கள். "பாஸானவளுக்கும் ஆகாதவளுக்கும் வித்தியாசம் வேண்டாமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். அந்த வித்தியாசத்தை அது பார்த்துக்கொள்ளும். நாம் கொடுப்பது உறவு. உறவுக்கு மார்க் பார்க்கலாமா? பேனர் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் குறைத்து, அரியர் பேப்பருக்குப் பீஸ் கட்ட ஒதுக்கினோம். அப்படிப்பட்ட ஒவ்வொருத்திக்கும் ஓர் அக்கா பொறுப்பு. பேப்பர் முடியும்வரை போன் போட்டு, "படிச்சியா அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

தங்கைகளே, சீர் என்றால் மொய் உண்டு, மொய்க்கு நோட்டும் உண்டு. வாங்கியதைத் திருப்பிச் செய்யாதவரை ஊர் மதிக்காது. நீங்கள் எங்களுக்குத் திருப்ப வேண்டாம். கம்பெனி ஆபீஸுக்கோ, வேறு ஊருக்கோ, புகுந்த வீட்டுக்கோ போனாலும், அடுத்த வருஷம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவளின் அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அது போதும்.