வகுப்பு இல்லை, வேலை இருக்கிறது

(முதுகலை, முனைவர் படிப்பில் புதிதாகச் சேர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சங்கத்தின் கல்விப் பிரிவு நடத்திய வரவேற்பு நிகழ்வில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இந்த மேடையில் ஒரு பேராசிரியர் நின்று பேசியிருக்க வேண்டும். செயலாளர் எங்களை அழைத்தபோது அதைத்தான் சொன்னோம். "பேராசிரியர் பிள்ளைகளுக்குச் சொல்லுவார், நீங்கள் பெற்றவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார். அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர், கிள்ளானில் மளிகை, மசாலா மொத்த வியாபாரம். இருவருமே போலிடெக்னிக் டிப்ளோமாவோடு படிப்பை நிறுத்தியவர்கள். எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு மஞ்சள் மூட்டை தூக்குகிறான் என்று அத்தா இன்றைக்கும் சொல்லுவார். ஆனால் எங்கள் தங்கை ஆய்வு செய்து முதுகலைப் பட்டம் வாங்கியவர். அவர் படிப்பை நாங்கள் எப்படிக் கெடுக்கப் பார்த்தோம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கல்வி விஷயம். அதைச் சொல்லத் தங்கையிடம் அனுமதி வாங்கிவிட்டோம். அவர் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தப்பாகச் சொன்னால் திருத்துவார்.

அவர் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தவறு அங்கே நடக்கவில்லை, எங்கள் கடையில் நடந்தது. முதல் பட்டம் படித்த காலத்தில் அவருக்குக் கால அட்டவணை இருந்தது. திங்கள் காலை எட்டு மணிக்கு வகுப்பு என்றால் அத்தா ஏழு மணிக்கே காரை எடுத்துவிடுவார். முதுகலையில் ஆய்வு என்று சேர்ந்ததும் அட்டவணை போய்விட்டது. ஒரே ஒரு ஆய்வு முறை வகுப்பு, அதுவும் முதல் பருவத்தோடு சரி. "அப்படியென்றால் சும்மாத்தானே இருக்கிறாய்?" என்று நாங்கள் கேட்கவில்லை, நினைத்தோம். நினைத்தபடியே நடந்தும் கொண்டோம். கல்லாவில் ஆள் இல்லையா, தங்கையைக் கூப்பிடு. ஜி.எஸ்.டி. போய் எஸ்.எஸ்.டி. வந்ததே, கணக்கை யார் பார்ப்பது? தங்கை படித்தவள், அவளே பார்க்கட்டும்.

அவருடையது ரசாயனத் துறை. மாதிரிகளைச் சோதிக்கும் கருவி ஒன்றுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பல துறை மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரு புதன்கிழமை அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அன்றைக்குக் கடையில் வேலை செய்த இரண்டு பேர் வரவில்லை. போன் போட்டோம், வந்தார். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இடம் ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் மாதிரிகள் கெட்டுவிட்டன, திரும்பச் செய்தார். அது முடியும்போது அவருடைய மேற்பார்வையாளர் நீண்ட விடுப்பில் வெளிநாடு போய்விட்டார். ஒரு புதன்கிழமை ஒரு வருடமாக நீண்டுவிட்டது. கூடுதல் பருவங்களுக்கு அவர் கட்டணம் கட்டியது எங்களுக்குப் பிறகுதான் தெரியும், சேமிப்பிலிருந்து கட்டியிருக்கிறார்.

ஒரு நாள் இரவு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அண்ணே, எனக்கு வகுப்பு இல்லைதான். வேலை இருக்கு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது கோபமாக வந்திருந்தால் நாங்களும் பதிலுக்குச் சத்தம் போட்டு மறந்திருப்போம்.

பெற்றோர்களே, இந்த ஒன்றைத்தான் சொல்ல வந்தோம். மற்றதெல்லாம் தகவல். தகவலையும் சொல்லிவிடுகிறோம்.

இந்த ஆண்டு சேர்ந்த நம் பிள்ளைகளில் பலர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். அந்த இடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1949 அக்டோபர் 8 அன்று சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து பிறந்தது அது. 1959இல் கோலாலம்பூருக்கு ஒரு பிரிவு வந்தது. 1962 ஜனவரி 1 முதல் இங்கே இருப்பதே மலாயாப் பல்கலைக்கழகம் என்று தனியாக நின்றது. முதல் வேந்தர் துங்கு அப்துல் ரஹ்மான். இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அங்கே முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி வந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. அந்த வெள்ளி தமிழ் நூல்களாக மாறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பிறகு அந்தத் துறைக்குத் தலைவராக வந்த தனிநாயகம் அடிகள்தான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார்.

ஆகவே அந்த நூலகத்துக்குள் நம் பிள்ளை போகும்போது அந்நியர் வீட்டுக்குள் போவதுபோல் கூசிக்கொண்டு போக வேண்டாம். அந்தப் புத்தகங்களில் சில, யாரோ ஒரு கடைக்காரர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த வெள்ளியில் வாங்கியவை.

போக்குவரத்து. பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரின்சி, நாலாவது யுனிவர்சிட்டி நிலையம். அங்கிருந்து டி 789 பேருந்து வளாகத்துக்குள் போகும். நடந்து போகலாம் என்று முதல் நாள் எல்லோரும் நினைப்பார்கள். பந்தாய் பள்ளத்தாக்கின் மேடும் பள்ளமும் நண்பகல் வெயிலும் இரண்டாம் நாள் பேருந்தில் ஏற்றிவிடும். கிள்ளான் பிள்ளைகள் கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. 2018இல் அப்துல்லா ஹுக்குமில் கொமுட்டர் நிலையம் திறந்துவிட்டார்கள். அங்கேயே இறங்கி எல்.ஆர்.டி. மாறிக்கொள்ளலாம். மலேசியக் குடிமக்களுக்கு மாதம் 50 வெள்ளியில் மை50 அட்டை உண்டு, ரேப்பிட் கே.எல். ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும், கொமுட்டருக்குச் செல்லாது. கொமுட்டரை ஒன்று தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கிள்ளான்காரர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வளாகத்துக்குள் போனதும் முதல் வேலை நூலகம். நூலகத்தார் நடத்தும் பயிற்சிகளுக்குப் பெயர் கொடுங்கள்: மேற்கோள் ஒழுங்குபடுத்தும் மெண்டலி, எண்ட்நோட் போன்ற மென்பொருள், தரவுத்தளத்தில் தேடும் முறை. தங்கை சொல்கிறார், இதை முதல் மாதத்தில் கற்றவருக்கும் கடைசி மாதத்தில் கற்றவருக்கும் இடையே தலைமுடி வித்தியாசம் தெரியும் என்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர்களின் ஆய்வேடுகளை இணையத்தில் படிக்கக் களஞ்சியமே இருக்கிறது. உங்கள் மேற்பார்வையாளரிடம் முன்பு படித்தவர்களின் ஆய்வேடுகளைத் தேடி முதலில் படியுங்கள். அவர் எதை ஏற்றுக்கொள்கிறார், எவ்வளவு பக்கம் எதிர்பார்க்கிறார் என்பது அவர் வாயால் சொல்வதைவிட அதில் தெளிவாக இருக்கும். வியாபாரத்தில் புதிய வாடிக்கையாளரின் பழைய பில்லைப் பார்ப்பதில்லையா, அதுபோல.

மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதையே சில சமயம் கெடுதல். "ஆசிரியர் கூப்பிடுவார்" என்று காத்திருப்பார்கள். அவர் கூப்பிட மாட்டார்; அவருக்குப் பத்து மாணவர்கள், வகுப்புகள், கூட்டங்கள். நீங்கள்தான் நாள் கேட்க வேண்டும். சந்திப்பு முடிந்ததும் என்ன பேசினீர்கள் என்று நாலு வரி எழுதி மின்னஞ்சலில் அவருக்கே அனுப்புங்கள். மலாயாவில் ஆய்வு வழிப் படிப்புக்கு வழியில் படிகள் உண்டு: ஆய்வு முன்மொழிவைத் தற்காப்பது, நடுவில் முன்னேற்றத்தைத் தற்காப்பது, கடைசியில் ஆய்வேட்டுக் கருத்தரங்கு. ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. அந்தத் தேதிகளை வீட்டு நாள்காட்டியில் எழுதி மாட்டுங்கள், நிக்காஹ் தேதியை எழுதுவதுபோல. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது அந்தத் தேதிகள்தான்.

பணம். இதைச் சங்கத்தில் பலர் கேட்டார்கள். இ.பி.எஃப். சேமிப்பில் முன்பு இரண்டாம் கணக்கு என்று இருந்தது, 2024 மே மாதத்திலிருந்து செஜாத்ரா கணக்கு. அதிலிருந்து சொந்தப் படிப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கட்டணம் எடுக்கலாம். தானே முதுகலை, முனைவர் படிப்பவருக்கு வருமான வரியில் 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு, எந்தத் துறையாக இருந்தாலும். ரசீதை வைத்திருங்கள், வியாபாரிகளாகிய நாமே ரசீதைத் தொலைக்கிறோம். மேற்பார்வையாளரிடம் ஆய்வு நிதி இருந்தால் ஆய்வு உதவியாளர் வேலை கேட்கலாம், கேட்பது இழிவல்ல. சிலாங்கூரிலும் கூட்டரசுப் பிரதேசத்திலும் ஜக்காத் அமைப்புகள் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவுகின்றன. தகுதி உள்ள குடும்பம் விண்ணப்பிக்க வெட்கப்படுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வருடா வருடம் கொடுக்கிற நாமே, அது போய்ச் சேர வேண்டியவர் வாங்கத் தயங்கினால் என்ன அர்த்தம்?

தமிழ்நாட்டிலிருந்து அண்ணன் மகன், அக்காள் மகன் என்று மாணவர் விசாவில் வந்திருப்பவர்களின் மாமாமார்களுக்குத் தனியாக ஒன்று. பிள்ளை நம் உணவகத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறான், மாலையில் கல்லாவில் நிற்கட்டும் என்று தோன்றும். அது கூடாது. வெளிநாட்டு மாணவர் விடுமுறைக் காலத்தில் மட்டும், பல்கலைக்கழகம் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்கி, வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அப்போதும் காசாளராக நிற்கக் கூடாது. பிடிபட்டால் மாமாவுக்கு அபராதம், மருமகனுக்கோ படிப்பே போய்விடும்.

வளாக வாழ்க்கை என்றால் படிப்பு மட்டுமல்ல. தொழுகைக்கு வாசல் பக்கத்திலேயே மஸ்ஜித் அர்-ரஹ்மான் இருக்கிறது. மனம் கனத்தால் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்காவில் நடக்கலாம், ஏரிக்கரையில் உட்காரலாம். தமிழ்ப் பேரவை மாணவர்கள் சிறுகதைப் போட்டி நடத்திப் பேரவைக் கதைகள் என்று தொகுப்புப் போடுகிறார்கள். ரசாயனம் படித்தாலும் அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். ஆய்வு மாணவரின் பெரிய எதிரி தனிமை. நம் வீட்டில் பத்துப் பேர் இருக்கிறோம், தனிமை எங்கிருந்து வரும் என்று அம்மா கேட்டார். செய்கிற வேலையைப் பற்றிப் பேச அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் இல்லையென்றால் வரும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, எழுத முடியவில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போய்ப் பேசுவதை ஈமான் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, டிப்ளோமாவோடு நின்ற எங்களைப் போன்றவர்களுக்கு. எம்.கியூ.ஏ. நடத்தும் ஏப்பெல் என்று ஒரு வழி இருக்கிறது. முப்பது வயது தாண்டி, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவும் துறை சார்ந்த வேலை அனுபவமும் இருந்தால், தேர்வு எழுதி, அனுபவக் கோப்பு கொடுத்து, நேர்காணலில் தேறினால், முதல் பட்டம் இல்லாமலே முதுகலைக்கு விண்ணப்பிக்கத் தகுதி கிடைக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு இதை ஏற்கும் என்று முதலில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். எங்களில் இளையவன் கோப்பு தயாரிக்க ஆரம்பித்துவிட்டான். பன்னிரண்டு வருடக் கொள்முதல் பில்களைத் தங்கை அடுக்கிக் கொடுக்கிறார். "இப்போ உனக்கும் வகுப்பு இல்லைன்னு அத்தா கூப்பிடுவார், பார்" என்கிறார்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. நிலையத்தில் கூடுகிறோம். புதிய மாணவர்களோடு பெற்றோர்களும் வரலாம். நூலகத்தை வெளியிலிருந்தாவது காட்டுகிறோம், பேருந்து நிற்கும் இடங்களைக் காட்டுகிறோம், பிறகு சாப்பாடு. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் பின் வரிசையில் தங்கையிடம் கொடுங்கள். அன்று மதியம் வரை எங்கள் கடை பூட்டியிருக்கும். சரக்கு வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமையே வாங்கிக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.