வேலை போனால் 60 நாள்: தோட்டத் தொழிலாளர் மறக்கக்கூடாத கணக்கு



கேமரன் மலையில் 1929-இல் 'போ' தேயிலை நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து, காட்டை அழித்துக் கன்று நட்டதும் கொழுந்து பறித்ததும் நம் பாட்டன் பாட்டிமார்கள். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று நீங்கள் எங்கிருந்து வந்திருந்தாலும் உங்கள் குடும்பக் கதையும் அதுதான். அந்த உழைப்புக்கு ஈடாக நமக்குக் கிடைத்தவை தினக்கூலியும் லயத்து வீடும். வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்திலேயே தலைமுறைகள் கழிந்தன. அந்தப் பயத்தில்தான் நம் மக்கள் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வேலை இழந்தவருக்கு உதவ ஒரு நிதி வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டன. முதலாளிகள் தரப்பு எதிர்த்தது. கடைசியில் 2017-இல் வேலை காப்புறுதித் திட்டச் சட்டம் (சட்டம் 800) நிறைவேறி, 2018 ஜனவரி 1 முதல் சந்தா பிடிக்கப்படுகிறது. தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. உங்கள் சம்பளச் சீட்டில் 'எஸ்.ஐ.பி.' என்று மூன்று வெள்ளி சொச்சம் வெட்டுகிறார்களே, அதுதான். ஆகவே இது பிச்சையல்ல, நீங்கள் கட்டிய பணம். இதை நடத்துவது சொக்சோ.

எவ்வளவு கிடைக்கும்? சட்டம் வகுத்த விகிதப்படி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்கள் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்கள் 30. மாதம் 1,700 வெள்ளி வாங்கியவருக்கு முதல் மாதம் ஏறக்குறைய 1,360 வெள்ளி. எத்தனை மாதம் என்பது நீங்கள் கட்டிய சந்தாவைப் பொறுத்தது: மூன்று முதல் ஆறு மாதம்.

யாருக்குக் கிடைக்கும்? ஆட்குறைப்பு செய்யப்பட்டவர், நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இழந்தவர், பாலியல் தொல்லையால் வேலையை விட்டவர் ஆகியோருக்குக் கிடைக்கும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. "நமக்கில்லை" என்று ஒதுங்காதீர்கள். தானாக விலகியவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும் கிடையாது.

இங்கேதான் கவனம் தேவை. கிராணி ஒரு மலாய்க் கடிதத்தை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்பார். அதில் 'லெத்தாக் ஜாவத்தான்' என்று இருந்தால் நீங்களாகவே விலகுவதாக அர்த்தம். அதில் கையெழுத்திட்டால் இந்த உதவித்தொகை போய்விடும். கூடவே பணிநீக்க இழப்பீடும் போய்விடலாம். புரியாத கடிதத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, படித்த பிள்ளையிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

அந்த இழப்பீடு தனிக் கணக்கு. அதைக் கொடுக்க வேண்டியது முதலாளி. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 20 வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு 400 நாள் சம்பளம் வரவேண்டும். சொக்சோ பணம் வருகிறது என்று சொல்லி முதலாளி இதைக் குறைக்க முடியாது.

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பிக்க வேண்டும். இணையம் வழியாகவும் செய்யலாம், அலுவலகத்திலும் செய்யலாம். அடையாள அட்டை, வேலை நிறுத்தக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பணம் கிடைக்கும் மாதங்களில் வேலை தேடியதற்கான சான்றும் காட்ட வேண்டும். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்றால், அதே 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் தனியாகப் புகார் செய்யுங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்.

இந்தத் திட்டம் லயத்து வீட்டைக் காப்பாற்றாது. சந்தா கட்டப்படாத குத்தகைத் தொழிலாளிக்கு எதுவும் தராது. நம்மோடு கொழுந்து பறிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியையும் சேர்த்துக் கொள்ளவில்லை. அவற்றுக்கான போராட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் உரிமையை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்க முடியாது.

இன்றே வீட்டுக்குப் போய் இரண்டு காரியம் செய்யுங்கள். சம்பளச் சீட்டை எடுத்து எஸ்.ஐ.பி. வெட்டப்படுகிறதா என்று பாருங்கள். வெட்டிய பணம் உங்கள் பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா என்று சொக்சோவில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.