நோயாளியாக நடிப்பவர்

பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்த பெரியவர் ஒருவர் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறார். மடியில் சட்டை. ஆக்குபேஷனல் தெரபி படிக்கும் மாணவி இடப்பக்கம் நின்று, "ஐயா, சட்டை போட்டுக்கலாமா?" என்கிறாள். அவரோ வலப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் குரலை உயர்த்துகிறாள். பிறகு அவசரத்தில் நல்ல கையை முதலில் சட்டைக்குள் விட்டுவிடுகிறாள். வலுவிழந்த கையை நுழைக்க வழியில்லை. ஆசிரியர் "நிறுத்தலாம்" என்கிறார். பெரியவர் சட்டையைத் தானே கழற்றி அவளிடம் நீட்டுகிறார். அவர் பயிற்சி பெற்ற நடிகர்.

1963-இல் கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணை, கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பழக்கினார். சக மருத்துவர்கள் சிலர் சினிமாத்தனம் என்று ஒதுக்கினார்கள். இன்று உலகெங்கும் மருத்துவக் கல்வியில் இதற்கு இடமுண்டு.

நடிப்பைவிட நான் பெரிதாக மதிப்பது அதற்குப் பின் நடக்கும் பேச்சை. "இடப்பக்கம் ஒன்று இருப்பதே என் மூளைக்குத் தெரியவில்லை, நீங்கள் கத்தியதும் குழந்தையை அதட்டுவதுபோல இருந்தது" என்று நடிகர் சொல்வார். வார்டில் படுத்திருக்கும் நோயாளி இதைச் சொல்லமாட்டார், மனதுக்குள் வைத்துக்கொள்வார். இங்கே அதே மாணவி அதே சட்டையோடு மறுபடி வரலாம். வலுவிழந்த கையை முதலில் நுழைப்பாள். அதைவிட முக்கியம், அவர் பொத்தானோடு திணறும்போது உதவப் பாயாமல் தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவாள்.

ஆஸ்திரேலியாவில் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 40 மணி நேரம் இப்படிப் பயின்றவர்களும் அதே நேரம் மருத்துவமனை போன்ற இடங்களில் பயின்றவர்களும் தேர்ச்சியில் ஏறத்தாழ சமமாகவே இருந்தார்கள். ஆனால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு கேட்கும் களப்பயிற்சி குறைந்தது 1000 மணி நேரம். அதில் பெரும்பகுதி நிஜ நோயாளிகளோடு கழிய வேண்டும் என்றே நான் கருதுகிறேன். விறைத்துப்போன கையின் கனத்தை எந்த நடிகராலும் தர முடியாது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. வெளிநாட்டுப் பாடநூலில் வரும் நோயாளி குளியல் தொட்டியில் இறங்குகிறார், முள்கரண்டி பிடிக்கிறார். நம் நோயாளி குந்தி உட்கார வேண்டும், ஒற்றைக் கையால் புடவைக்குக் கொசுவம் வைக்க வேண்டும். வலக்கை போன ஒருவர், இடக்கையால் சாப்பிடக் கூசி, பந்தி என்றாலே வீட்டிலேயே இருந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஸ்பூன் கொடுப்பதா, இடக்கையைப் பழக்குவதா, முதலில் வீட்டாரிடம் பேசுவதா? வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதிடும். இப்படிப்பட்ட நோயாளிகளை நம் கல்லூரிகள் தாங்களே எழுதி, அக்கம்பக்கத்துப் பெரியவர்களையே நடிக்க அழைக்கலாம்.