சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள்



கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் வெளியாருக்காக எழுதப்பட்டதல்ல. சபைக்குள் நடந்த பூசல்களுக்காக எழுதியது. ஆனாலும் 14ஆம் அதிகாரத்தில் ஓரிடத்தில் நின்று கேட்கிறார்: நீங்கள் கூடியிருக்கும்போது விசுவாசம் இல்லாத ஒருவர் உள்ளே வந்தால், உங்கள் பேச்சு அவருக்கு விளங்குமா, இல்லை, இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று போய்விடுவாரா?

அப்படி வந்து நின்ற வெளியார் நாம்தான். உள்ளே ஞானோபதேசம் நடக்க, கோயில் சன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்ட பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். யாரும் நம்மை அழைக்கவில்லை, விரட்டவும் இல்லை. திரித்துவம், மீட்பு எதுவும் விளங்கவில்லை. ஒரே அப்பம், ஒரே கிண்ணம் என்பது மட்டும் சட்டென்று விளங்கியது. தேநீர்க் கடையில் நமக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள் அல்லவா! விசுவாசிக்கு அது சடங்கு. நமக்கு அது செய்தி.

அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தையும் பிறகு படித்தோம். கொரிந்தில் விருந்துக்குக் கூடியபோது ஒருவன் பசியோடிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். பவுல் அதைக் கண்டித்தார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சனும் கண்டித்தார். தென்னாட்டுச் சபைகளில், திருவிருந்திலும்கூட, சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெரும் கவிஞர், அவர் பாட்டை இன்றும் பாடுகிறோம். சாதி வழக்கில் அவர் நமக்கு எதிர்ப்பக்கம் நின்றார். இதைச் சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை.

போதனை காதில் விழும்போதே பந்தியும் கண்ணில் படுகிறது. இதை உபதேசியார்கள் கணக்கில் எடுப்பதில்லை. அண்ணல் அம்பேத்கர் எடுத்தார். கிறிஸ்தவ நூல்களை வெளியிலிருந்து அக்கறையோடு படித்தவர் அவர். மதம் மாறியவரின் நிலை என்ன என்று தனியே ஒரு கட்டுரையே எழுதினார். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் சாதி கூடவே வருவதை அதில் பதிவு செய்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் ஏற்றது பௌத்தத்தை.

இதனால் அந்தப் போதனை பொய் என்று நாம் சொல்லவில்லை. சன்னலோரம் கேட்ட சொல்லை வைத்துக்கொண்டுதான் தலித் கிறிஸ்தவர்கள் இன்று தங்கள் சபையையே கேள்வி கேட்கிறார்கள். அந்தச் சொல் யாருக்கென்று பேசப்பட்டதோ, அவர்களிடமே திரும்பி வந்து நிற்கிறது.

சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் இன்னும் சுவர் இருக்கிறது. மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து வாருங்கள். யார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள் என்று குறித்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வைத்துப் பேசுவோம்.